யானைக்குச் சொன்ன தமிழ்

இவன் தமிழை எங்கே படித்திருப்பான்?

சிங்களவன் தமிழ் கதைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. கொழும்பில் கடை வைத்திருப்பவன் கதைப்பான். பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவன் கதைப்பான். அவர்களுடைய தமிழ் 'வாங்க', 'என்ன வேணும்', 'சில்லறை இல்லையா' என்று வியாபாரத் தமிழாக இருக்கும். இவனுடையது அப்படியில்லை. இரு. எழும்பு. பொறு. தூக்கு. அங்கால போ. இவை மட்டும் இவன் வாயில் வழுக்காமல் வருகின்றன. மிச்சத் தமிழெல்லாம் நொண்டுகிறது. இந்தச் சொற்களை மட்டும் இவ்வளவு சுத்தமாகச் சொல்லும் சிங்களவர்களை நான் ஒரே ஓர் இடத்தில்தான் கண்டிருக்கிறேன்.

மனோகரி படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளைச் சேர்த்துப் பிடித்தபடி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் அந்த ஹோட்டலின் நிலக்கீழ் அறையில், லிங்கெரி என்று எல்லோரும் சொல்லும் சலவைப் பகுதியில், அவளுக்கு அது ஆறாவது பனிக்காலம். மேலே பனிச்சறுக்க வந்தவர்கள் சப்பாத்தோடு நடக்கும் சத்தம் கேட்கும். சுவரோரம் உயரத்தில் இருந்த சின்ன யன்னலால் ரயிலின் சில்லுகள் மட்டும் தெரியும். அவளுக்கு அது போதும். யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்க்கத் தேவையில்லாத இடம்.

அவன் பெயர் ஹேரத். அந்தப் பருவத்துக்குச் சமையலறையில் சட்டி பானை கழுவ வந்தவன். ஐம்பதைத் தாண்டியவன். இடது காலை இழுத்து நடப்பான். வந்த அன்றே துடைக்கும் துணி வாங்க லிங்கெரிக்கு இறங்கி வந்தான். அவள் தள்ளுவண்டியோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

"பொறு," என்றான் பின்னாலிருந்து.

அவள் நின்றாள். நிற்க வேண்டும் என்று நினைக்க முதலே கால்கள் நின்றுவிட்டன. கைகள் வண்டியை விட்டுத் தோளளவு உயர்ந்திருந்தன. அதைக் கண்டதும் அவளுக்கு வந்த கோபம் அவனில் அல்ல, தன் கைகளில்தான். யுத்தம் முடிந்து எட்டு வருடமாகிறது. இந்தக் கைகளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லையா?

"துணி தா, தங்கச்சி," என்றான் அவன். அவளுடைய கைகளைப் பார்த்தான். பிறகு வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தான்.

வேறெங்கோ பார்த்ததுதான் அவளை உறுத்தியது. தெரியாதவன் என்றால் ஏன் கையைத் தூக்குகிறாய் என்று கேட்டிருப்பான்.

ஹோட்டலில் இன்னொரு தமிழர் தவராஜா அண்ணை. மரக்கறி வெட்டும் மேசையில் இருபது வருடமாக நிற்கிறார். பனிக்கும் பயமில்லை, செஃபுக்கும் பயமில்லை. அவரிடம் சொன்னதும் கத்தியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"ஆமிக்காரன்தான் பிள்ளை. அந்தக் காலைப் பார். மிதிவெடி."

"பனியில வழுக்கி விழுந்தாலும் கால் போகும், அண்ணை. நீங்களும் போன வருசம் நொண்டினீங்கள்தானே."

"நான் நொண்டினது சம்பளத்தோட லீவு எடுக்க. உவன் நொண்டுறது உண்மை. கேட்டுப் பாரன், தமிழ் எங்க படிச்சனி எண்டு."

அவள் கேட்டாள். மூன்று மணிக்கு மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்தால், இரவு வேலை தொடங்கும் வரைக்கும் எல்லோருக்கும் ஓய்வு. மற்றவர்கள் அறைக்குப் போய்ப் படுப்பார்கள். ஹேரத் துணி எடுக்க வருவான்.

"நீங்கள் தமிழ் எங்க படிச்சனீங்கள்?"

"யானைகிட்ட," என்றான்.

தவராஜா அண்ணை இதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சிரித்தார். "யானை பள்ளிக்கூடம் நடத்தினதோ? அப்ப அதிட்டயும் அடையாள அட்டை கேட்டிருப்பாங்கள்."

ஆனால் ஹேரத் சிரிக்காமல்தான் சொன்னான். மலைநாட்டில் ஒரு பழைய புத்த விகாரையில் அவன் யானைப்பாகன். அவனுக்கு முன் அவனுடைய மாமா. அந்த யானைக்குப் பெயர் ரன் பண்டா. வருடா வருடம் பெரஹரா ஊர்வலத்தில் புனித தாதுப் பேழையைச் சுமக்கும் கொம்பன். குட்டியாக இருந்தபோது மட்டக்களப்புப் பக்கத்துக் காட்டில் பிடிபட்டது. பிடித்தவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம் பணிக்கர்கள். கயிற்றையும் பசியையும் வைத்து அவர்கள் முதலில் பழக்கியது தமிழில். பிறகு ஒரு பணக்காரர், பிள்ளையின் நோய் மாறினால் தருகிறேன் என்று நேர்ந்து, அதை வாங்கி விகாரைக்குக் கொடுத்தார். விகாரையில் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தார்களாம். அடித்தும் பார்த்தார்களாம். அது காதை ஆட்டிக்கொண்டு நின்றதாம். கடைசியில் மாமாவே அந்தப் பணிக்கர்களின் ஏறாவூருக்குப் போய் நின்று அந்தச் சொற்களைப் பாடமாக்கி வந்தார்.

"என்ட யானை தமிழ் யானை," என்றான். "சிங்களம் விளங்காது. நான் சின்னப் பையன். மாமா சொன்னார், முதல் நீ படி."

நம்புகிற கதையா இது? மனோகரி நம்பவில்லை. ஆனால் கேட்டாள்.

அவள் அதற்கொரு முறை வைத்திருந்தாள். அவள் இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, பேர்ணில் ஓர் அதிகாரி அவளை விசாரித்தார். குரல் உயர்த்தாத மனுசன். ஒரு விஷயத்தைக் கேட்பார். பிறகு தண்ணீர் குடிப்பார், வேறு கதைப்பார். அரைநாள் கழிந்தபின் அதையே பின்பக்கமாகக் கேட்பார். பாலத்தைக் கடந்த பிறகா தம்பியைக் கூப்பிட்டார்கள்? மத்தியானம் தம்பி எங்கே நின்றான்? அப்படியென்றால் பாலம் எப்போது வந்தது? உண்மை சொல்கிறவளையே பொய்க்காரியாக உணரச் செய்யும் முறை அது. இப்போது அந்த அதிகாரியின் கதிரையில் தான் உட்கார்ந்திருப்பது அவளுக்கு விளங்கியது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஆகவே ரன் பண்டாவின் வாழ்க்கையை அவள் துண்டு துண்டாக வாங்கினாள். விரிப்பின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, கேட்காமலே மற்றப் பக்கத்தை அவன் பிடிப்பான். இருவரும் இழுத்து, மடித்து, நெருங்கி, மூலையைக் கைமாற்றி, விலகுவார்கள். அந்த நேரத்தில் கதை நடக்கும்.

பேழையை ஏற்றும்போது அது மூன்று தரம் மூச்சு விடுமாம். பிறகு இறக்கும் வரைக்கும் மூச்சு விடுகிறதா என்றே தெரியாதாம். மேளம், தீப்பந்தம், சவுக்கடிச் சத்தம், ஊர் முழுக்கச் சனம். அது நடக்கிற வழியெல்லாம் அதற்கு முன்னால் வெள்ளைத் துணி விரிப்பார்கள். பேழை முதுகில் இருக்கும்போது அதன் கால் வெறும் நிலத்தில் படக்கூடாது. துணியை விரிக்கிறவர்கள் பிந்தினால் அது காலைத் தூக்கியபடி நிற்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயந்த பிள்ளைகளைத் தாய்மார் கொண்டுவந்து அதன் வயிற்றுக்குக் கீழால் அந்தப் பக்கம் கொடுத்து எடுப்பார்கள், பயம் தெளியுமென்று. மந்திரிமார் வந்து அதன் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

"கும்பிட்ட பிறகு?" என்று கேட்டாள்.

"பிறகு கட்டுவோம்."

"சங்கிலியாலயோ?"

"சங்கிலி."

"கும்பிடுகிற ஆக்களே சங்கிலியும் போடுவினமோ?"

ஹேரத் விரிப்பை நீவியபடி யோசித்தான். "நீங்களும் கோயில் பூட்டுவீங்கதானே, தங்கச்சி. சாமி உள்ளே இருக்கிறப்போ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை மறைக்கத் துணியைத் தூக்கிப் பிடித்தாள். அன்று பின்னேரம் முழுக்க அவளுக்குத் தன்னில் சந்தேகம். மூன்று மணி எப்போது ஆகும் என்று நான் ஏன் பார்க்கிறேன்? இவன் கதை சொல்லி என்னிடமிருந்து என்ன எடுக்கப் போகிறான்? அவன் எதையும் கேட்கவில்லை என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது. முள்வேலிக்குப் பின்னால் இருந்த முகாமிலும் எதையும் கேட்காமல் பிஸ்கட் தந்தவர்கள் இருந்தார்கள். பிறகுதான் கேட்டார்கள்.

தம்பி திலக்சனைப் பற்றி அவள் அவனுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த வைகாசியில் தம்பிக்குப் பத்தொன்பது வயது. வட்டுவாகல் பாலத்தைக் கடந்து ஆமியின் பக்கம் வந்த சனம் வெயிலில் நிலத்தில் இருந்தது. ஒரு நாள் என்றாலும் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் வரச் சொல்லி ஒலிபெருக்கி சொன்னது. ஓர் ஆமிக்காரன் வரிசையாக வந்தான். ஒவ்வொரு பையனுக்கும் முன்னால் நின்றான். எழும்பு. அங்கால போ. திலக்சன் எழும்பினான், காற்சட்டையில் மண்ணைத் தட்டினான், போனான். பஸ்ஸில் ஏறியதை அம்மா கண்டவள். அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. அம்மா பரமேஸ்வரி இன்றைக்கும் வவுனியாவில் வீதியோரப் பந்தலில், மற்றத் தாய்மாரோடு, அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவள். வீட்டில் அவனுக்கு அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. செய்தால் அவன் செத்தவன் ஆகிவிடுவான்.

தை மாதக் கடைசியில் மனோகரி கேட்க வேண்டியதைக் கேட்டாள். விரிப்பை மடித்துக்கொண்டே, குரல் உயர்த்தாமல், அந்த அதிகாரியைப் போல.

"இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"யானையோட," என்றான் உடனே. "அப்ப அவனுக்கு மதம். கிட்டப் போக ஏலாது. நான் மட்டும் பக்கத்தில. அப்பதான் கால் உடைஞ்சது."

அவள் இரண்டு மடிப்பு மடித்தாள்.

"மதம் பெரஹரா முடிஞ்சு, மழைக்குத்தான் வரும் எண்டு முந்திச் சொன்னீங்கள். கார்த்திகை, மார்கழி. எல்லா வருசமும் அப்படித்தான் எண்டும் சொன்னீங்கள்."

ஹேரத் தன் பக்கத்து மூலைகளை விட்டுவிட்டான். விரிப்பு நிலத்தில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்காமல், துடைக்கும் துணிகளையும் எடுக்காமல், காலை இழுத்துக்கொண்டு படியேறினான்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தாள். சந்தோசம் வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அழுக்கான விரிப்பைத் திரும்பவும் இயந்திரத்துக்குள் போட்டாள்.

"நான் சொன்னன்தானே," என்றார் தவராஜா அண்ணை. "மதமாம். மதம் யானைக்கோ உவங்களுக்கோ?"

மறுநாள் மூன்று மணிக்கு ஹேரத் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

"மதம் இல்லை," என்றான். "பொய். நான் இல்லை, விகாரையில பெரிய பிக்கு, எங்கட சாது, சொல்லச் சொன்னது. யுத்தம் முடிஞ்சது எண்டு ஊரெல்லாம் வெடி. பகல், இரவு. பாற்சோறு, கொடி, வெடி. விகாரை மதிலுக்குப் பக்கத்தில பெடியங்கள் பெரிய வெடிக்கட்டு கொளுத்தினாங்கள். ரன் பண்டா பயந்தான். பெரஹராவில வெடிக்குப் பயப்பட மாட்டான். ஏன் அண்டைக்குப் பயந்தான், தெரியாது. சங்கிலி அறுத்தான். நான் முன்னால. மதிலுக்கும் அவனுக்கும் நடுவில என்ட கால்."

"பிறகு?"

"வயல்ல போய் நிண்டான். நடுங்கிறான். துவக்குக்காரர் வந்திட்டாங்கள் சுட. நான் தவழ்ந்து போய்ச் சொன்னன், இரு எண்டு. இருந்தான். சுடேல்ல." அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "அந்தக் கிழமை வெடிக்குப் பயந்தான் எண்டு சொல்ல ஏலாது, தங்கச்சி. சொன்னா, ஏன் பயப்படுறான், அவன் எந்தப் பக்கம் எண்டு கேப்பாங்கள். சாது சொன்னார், மதம் எண்டு சொல்லு. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லி, என்ட வாயில இப்ப அதுதான் முதல் வரும்."

பிறகு, பெரஹரா பார்க்க வந்த சுவிஸ்காரி ஒருத்தி தன்னைக் கலியாணம் முடித்துக் கூட்டிவந்ததையும், அது நிலைக்காததையும் அவன் இரண்டு வசனத்தில் சொன்னான். கால் உடைந்தவனை விகாரையில் பாகனாக வைத்திருக்கவில்லை. அங்கே அவனுக்கு வேறு வேலை தெரியாது.

அவன் போனபின் மனோகரி தனியே விரிப்புகளை மடித்தாள். கதையின் ஒவ்வோர் ஓட்டைக்கும் அளவெடுத்து வெட்டிய ஒட்டு வந்து பொருந்தியது. உண்மை இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துமா? அவளுடைய உண்மை பேர்ணில் எதற்கும் பொருந்தவில்லையே. ஆனாலும் வயலில் நடுங்கிக்கொண்டு நின்ற அந்தப் பெரிய உடம்பு அவளை விட்டுப் போகவில்லை. தன் ஊர்ச் சொல் ஒன்றைக் கேட்டுக் காலை மடிக்கிறது. ஏன் மடித்தது? நம்பியா? பழகிப்போயா? அவளுடைய கைகள் அன்றைக்கு உயர்ந்ததுபோல, அதுவும் நினைக்க முதலே மடித்திருக்குமோ?

மாசியில் ஒருநாள் சமையலறையில் ஹேரத்தின் கையிலிருந்து சட்டிகள் விழும் சத்தம் கேட்டது. ரன் பண்டா செத்துவிட்டான். ஹேரத்தின் அக்கா மகன் போனில் டிவிச் செய்திப் படம் அனுப்பியிருந்தான். யானை பக்கவாட்டில் கிடந்தது. வெள்ளைச் சேலைப் பெண்கள் வரிசையில் நின்று அதன் நெற்றியைத் தொட்டுப் போனார்கள். பிக்குகள் பாளிமொழியில் பிரித் ஓதினார்கள். செய்தி வாசித்தவர் அதை மகானென்றார். உடலை எரிக்க மாட்டார்களாம், புதைக்கவும் மாட்டார்களாம். தோலைப் பாடம் பண்ணி உள்ளே பஞ்சடைத்துக் கண்ணாடி அறையில் வைப்பார்கள். சனம் என்றைக்கும் பார்க்கலாம்.

என்றைக்கும் பார்க்கலாம். மனோகரி அந்தப் படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, யானையின் கண்ணைப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தங்கச்சி, வெள்ளைத் துணி ஒண்டு. ஆரும் படுக்காதது," என்றான் அவன். "ஏழாம் நாளுக்கு."

ஹோட்டல் துணியை வெளியே கொடுக்கக் கூடாது. அவள் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து, ஓரத்தில் நூல் விட்டதால் ஒதுக்கி வைத்திருந்த மேசைவிரிப்பு ஒன்றை எடுத்தாள். இஸ்திரி உருளையில் கொடுத்துச் சுருக்கமில்லாமல் அழுத்தி, மடித்துக் கொடுத்தாள். தவராஜா அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

ஏழாம் நாள் ஓய்வு நேரத்தில் ஹேரத் அவளைக் கூப்பிட்டான். பணியாளர் விடுதியில் அவனுடைய அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. அவள் வாசலில் நின்றாள். மேசையில் அந்த வெள்ளை விரிப்பு. அதன்மேல் ஒரு தட்டு, தட்டுக்குள் ஒரு கோப்பை, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. சமையலறையில் கேட்டு வாங்கிய சோறும் பருப்பும் இரண்டு வாழைப்பழமும். போன் சுவரில் சாய்ந்திருந்தது. அதற்குள் ஒரு பிக்கு கண்ணை மூடியபடி ஓதிக்கொண்டிருந்தார். இடையிடையே படம் நின்று, பிறகு ஓடியது.

"செய்த புண்ணியத்தைச் செத்தவனுக்குக் குடுக்கிறது," என்று ஹேரத் விளக்கினான். "கோப்பை நிறைஞ்சு வழியும் வரைக்கும் தண்ணி ஊத்தவேணும். கூட ஒரு ஆள் செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது நல்லம். சொல்லவும் வேணும்."

"என்ன சொல்ல?"

"சாது பாளியில சொல்றார். அவனுக்குப் பாளி விளங்காது. சிங்களமும் விளங்காது." அவன் முதன்முறையாக அவளுடைய முகத்தை நேரே பார்த்தான். "நீ தமிழ்ல சொல்லு, தங்கச்சி. எழும்பு, போ எண்டு. நான் சொன்னா அவன் போகமாட்டான். வேலைக்குக் கூப்பிடுறன் எண்டு நினைப்பான். வேற குரல் வேணும்."

ரயில் போகும் ஓசை வந்து அடங்கியது. அந்த இரண்டு சொற்களையும் அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். யானை ஒன்றுக்காகச் சொல்லலாம்தானே. அதைத் தமிழில் பிடித்தார்கள், தமிழில் கட்டினார்கள். அதற்கு விளங்கும் மொழியில் யாராவது ஒருவர் போகவும் சொல்லலாம்தானே. அவளுடைய கை கதவு நிலையிலிருந்து சற்று நகர்ந்தது.

"தம்பிக்கும் சேர்த்துச் சொல்லலாம்," என்றான் ஹேரத் மெல்ல. "பேர் சொல்லி. புண்ணியம் குறையாது, ரெண்டு பேருக்கும் போகும்."

அவளுடைய கை நின்றது.

"தம்பியைப் பற்றி ஆர் சொன்னது?"

"தவராஜா அண்ணை."

இருக்கும். அண்ணையின் வாய்க்குள் எதுவும் நிற்காது. ஆனால் அதை எப்போது சொன்னார்? வைகாசி பற்றி அவள் கேட்க முதலா, கேட்ட பிறகா? வெடியும் வயலும் இரு என்ற சொல்லும் தம்பியைக் கேள்விப்பட முதலே இவனிடம் இருந்தனவா, பிறகு வந்தனவா? கேட்டால் ஒரு பதில் சொல்வான். அதுவும் பொருந்தும். அவள் ஹேரத்தின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள். அழுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று யார் சொன்னது? பொய் சொல்கிறவன் அழ மாட்டான் என்றும் யாரும் சொல்லவில்லை. அது எப்படியும் போகட்டும். இவன் யாராகவும் இருக்கட்டும். வவுனியாவில் அம்மா இந்நேரம் பந்தலை விட்டு எழும்பி, படத்தைத் துடைத்து, துணியில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாள். நாளைக்குத் திரும்பக் கொண்டுவருவாள்.

"தண்ணி ஊத்தப் பிந்துது, தங்கச்சி," என்றான் அவன். செம்பைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினான். போனுக்குள் பிக்கு நிறுத்திவிட்டுக் காத்திருந்தார், அல்லது படம் நின்றிருந்தது.

"நீங்கள் ஊத்துங்கோ," என்றாள் மனோகரி. "முடியிற வரைக்கும் நான் இதில நிக்கிறன். ஆனா அந்தச் சொல்லை நான் சொல்லமாட்டன்."

"யானைக்கு மட்டும்."

"யானைக்கும் இல்லை, ஹேரத்."